மெஷினை ஓட்டுவது கால், கோடு போடுவது கை

கள்ளிக்குப்பத்தில் செங்குன்றம் சாலையோரம் ஒரு ஆல்டரேஷன் கடை இருக்கிறது. கடை என்றால் ஒரு கறுப்பு மெஷின், ஒரு ஸ்டூல், மேலே தார்ப்பாய், அவ்வளவுதான். முழங்காலில் கிழிந்த பேன்ட்டைக் கொண்டுபோய்க் கொடுத்தால், அந்த அண்ணன் கிழிசலுக்கு அடியில் ஒரு துண்டுத் துணியை வைப்பார். துணியை அழுத்திப் பிடிக்கும் ஃபூட்டை மெஷினிலிருந்து கழற்றி ஓரமாக வைத்துவிடுவார். இரண்டு உள்ளங்கையையும் துணிமேல் பரப்பி, கால் மிதிக்க மிதிக்க, துணியை முன்னும் பின்னுமாகத் தள்ளி இழுப்பார். ஐந்து நிமிடத்தில் ஓட்டை இருந்த இடத்தில் நெருக்கமான தையல் நிறைந்து, தடவிப் பார்த்தால்தான் தெரியும் என்கிற அளவுக்கு மூடிப்போகும். டார்னிங் என்பார்கள், சிலர் ரஃபு என்பார்கள்.

இன்றைக்கு உலகம் முழுக்க ‘ஃப்ரீ மோஷன் குயில்டிங்’ என்று பெயர் வைத்து வகுப்பு நடத்துகிறார்களே, அதன் உயிர் இந்த வேலையில்தான் இருக்கிறது. மூன்று அடுக்குத் துணியை ஒன்றாக இணைக்க, மெஷினில் நினைத்த பக்கமெல்லாம் வளைத்து வளைத்துத் தைப்பதற்குத்தான் அந்தப் பெயர். சாதாரணத் தையலில் ஊசிக்கு அடியில் இருக்கும் பல், துணியைக் கடித்துப் பின்னால் நகர்த்திக்கொண்டே போகும். ஒரு தையல் எவ்வளவு நீளம் என்பதை மெஷின் பார்த்துக்கொள்ளும். ஃப்ரீ மோஷனில் பல்லுக்கு வேலை கிடையாது. துணியை நகர்த்துவது, தையலின் நீளத்தை முடிவு செய்வது, திசையை மாற்றுவது எல்லாம் நம் கை. பயம் வருவதும் அதனால்தான்.

என் வீட்டு முன்னறையில் மதிய நேரத்தில் நாலைந்து பெண்கள் வந்து உட்கார்ந்து பழகுகிறார்கள். கையில் இருக்கும் கோளாறு கொஞ்சம்தான், பயிற்சியில் போய்விடும். காதில் விழுந்ததை நம்பிக்கொண்டு வருவதுதான் பெரிய தடை. அப்படி அடிக்கடி கேட்கும் சில பேச்சுகளை எடுத்துச் சொல்கிறேன்.

“இதெல்லாம் கைராசி உள்ளவங்களுக்குத்தான் வரும்க்கா.”

அதிகம் கேட்கும் பேச்சு இதுதான். இதை நான் கொஞ்சம்கூட ஒத்துக்கொள்வதில்லை. சொல்கிறவரிடம் காலையில் வாசலில் கோலம் போட்டீர்களா என்று கேட்பேன். போட்டேன் என்பார். சிக்குக் கோலத்தில் கம்பியை எங்கே திருப்ப வேண்டும், எங்கே புள்ளியைச் சுற்ற வேண்டும் என்று யாரும் பக்கத்தில் நின்று சொல்வதில்லை. விரல் இடுக்கில் மாவு எவ்வளவு விழுந்தால் கோடு சீராக வரும் என்பது கைக்குத் தெரிந்திருக்கிறது. மாவு விழும் வேகமும் கை போகும் வேகமும் ஒத்துப்போனால் கோடு ஒரே கனமாக வரும். கை முந்தினால் இழை மெலியும், தயங்கினால் மாவு குவியும். ஃப்ரீ மோஷனில் மாவுக்குப் பதில் தையல். கோலத்தில் தரை அசையாது, கை நகரும். இங்கே ஊசி ஒரே இடத்தில் நிற்கும், தரை நகரும். மூளைக்கு இந்தத் தலைகீழ் மாற்றம் பழக மட்டும்தான் நாள் தேவை.

அதனால் மெஷினில் உட்காருவதற்கு முன்னால் ஒரு வாரம் கோல நோட்டில் எழுதச் சொல்கிறேன். பேனாவை எடுக்காமல், கோடு ஒன்றை ஒன்று வெட்டாமல், ஆறு நெளிந்து போவது மாதிரி ஒரு பக்கம் முழுக்க நிரப்ப வேண்டும். பிறகு சின்னச் சின்னச் சுழிகளாக இன்னொரு பக்கம். முதலாவது பார்க்க எளிது, போடும்போது மூலையில் மாட்டிக்கொள்ளும். சுழியில் கோடு கோட்டைக் கடந்து போகலாம் என்பதால் வெளியே வர எப்போதும் வழி இருக்கும். ஆகவே துணியில் முதலில் சுழியைத்தான் போடச் சொல்வேன்.

ஒன்று கவனித்திருக்கிறேன். அம்பத்தூர் தொழிற்பேட்டையில் எக்ஸ்போர்ட் கம்பெனிகளில் பல வருஷம் டெய்லராக இருந்தவர்கள் வந்தால், முதல் வாரம் அவர்கள்தான் அதிகம் திணறுகிறார்கள். நிமிடத்துக்கு ஐயாயிரம் தையல் வரை ஓடும் பவர் மெஷினில் கண்ணை மூடிக்கொண்டு காலர் வைப்பவர்கள் அவர்கள். அந்தத் திறமை, பல் இழுக்கும் துணிக்கு வழி காட்டுகிற திறமை. பல் இல்லை என்றதும் கை வெறுமையாகிவிடுகிறது. தையலே தெரியாமல், கோலம் மட்டும் போட்டுப் பழகிய ஒரு பாட்டி மூன்றாவது நாளே அழகாகச் சுழி போட்டார். முன்னனுபவம் இல்லாதது இங்கே குறையே இல்லை.

“பெரிய மெஷின் வேணும், கம்ப்யூட்டர் மெஷின் வேணும்.”

கடைக்காரர்கள் சொல்வதும் படங்களில் பார்ப்பதும் சேர்ந்து இந்த எண்ணம் வந்துவிட்டது. லாங் ஆர்ம் என்று ஒரு மெஷின் உண்டு. பெரிய சட்டத்தில் துணியை இழுத்துக் கட்டிவிட்டு, மெஷின் தலையைக் கைப்பிடியால் துணிமேல் ஓட்டுவார்கள். லட்சங்களில் விலை. கூலிக்குக் குயில்ட் தைத்துக் கொடுப்பவர்களுக்கு அது தேவைப்படலாம். வீட்டில் பழகுகிறவருக்குத் தேவையே இல்லை.

சிங்கர் கம்பெனி 1911-இலேயே மெஷின் எம்பிராய்டரிக்கென்று தனியாக ஒரு பாடப் புத்தகம் போட்டது. காலால் மிதிக்கும், நேர்த்தையல் மட்டும் போடும் வீட்டு மெஷினிலேயே பூவும் இலையும் லேஸும் போடக் கற்றுக்கொடுத்தது அது. ஃபூட்டைக் கழற்றி, பல்லை வேலையிலிருந்து விலக்கி, துணியை வளையத்தில் மாட்டி, கையால் நகர்த்துவதுதான் வழி. நம் ஊரில் ரவிக்கைக்கும் குழந்தைகளின் கவுனுக்கும் மெஷின் எம்பிராய்டரி போட்ட பெண்கள் பலரும் இந்த வழியில்தான் போட்டார்கள். அம்மா காலத்துக் கறுப்பு மெஷின் வீட்டில் இருந்தால் அதுவே போதும். சத்தியவாணி முத்து அம்மையார் நினைவுத் திட்டத்தில் அரசு கொடுத்த மெஷின் இருந்தால் அதுவும் போதும். கையால் சக்கரம் சுற்றும் மெஷின் மட்டும் உதவாது. ஒரு கை சக்கரத்துக்குப் போய்விட்டால் துணியை யார் நகர்த்துவது?

பல்லை இறக்க சில மெஷினில் ஒரு திருகோ லீவரோ இருக்கும். இல்லாவிட்டால் தையல் நீளத்தைப் பூஜ்யத்தில் வைத்துவிடுங்கள். பல் இருந்த இடத்திலேயே மேலும் கீழும் ஆடும், துணியை இழுக்காது. பல்லை மூட ஒரு தகடும் கிடைக்கும், தையல் சாமான் கடையில் கேட்டுப் பார்க்கலாம்.

வாங்கியே தீர வேண்டிய பொருள் ஒன்று உண்டு. டார்னிங் ஃபூட் என்று கேளுங்கள். ஸ்பிரிங் வைத்து, முனையில் சின்ன வட்டத்தோடு இருக்கும். ஊசி துணியில் குத்தி மேலே ஏறும்போது துணியும் அதோடு ஒட்டிக்கொண்டு எழும்பப் பார்க்கும். அப்படி எழும்பினால் கீழே நூல் வளையம் சரியாக விழாது, கொக்கி அதைப் பிடிக்காது, தையல் விட்டுப்போகும். எம்பிராய்டரியில் வளையம் துணியை விறைப்பாக வைத்திருப்பதால் ஃபூட் இல்லாமலே வேலை நடக்கிறது. மூன்று அடுக்குத் துணியை அப்படி வளையத்தில் மாட்டுவது கஷ்டம். அதனால் ஊசி இறங்கும் நேரத்தில் துணியை அழுத்திப் பிடித்து, ஏறியதும் விடும் இந்த ஃபூட் வேண்டும். விரலுக்கும் அது ஒரு வேலி. ஃபூட் இல்லாமல் ஆல்டரேஷன் அண்ணன் தைக்கிறாரே என்று பார்த்து அதே மாதிரி செய்யாதீர்கள். அவருக்குப் பின்னால் முப்பது வருஷப் பழக்கம் இருக்கிறது.

இன்னொன்று, விலை குறைந்தது. உள்ளங்கையில் ரப்பர்ப் புள்ளி வைத்த பருத்திக் கையுறை ஹார்டுவேர் கடையில் கிடைக்கும், தொழிற்சாலைகளில் மூட்டை தூக்கப் போடுவது. குயில்டிங்குக்கென்று தனியாக விற்கும் கையுறை செய்யும் வேலையை இதுவும் செய்யும். துணி வழுக்காமல் பிடிபடும்போது தோள்பட்டையின் இறுக்கம் தானாகக் குறையும்.

“மெதுவா ஓட்டினா தப்பு வராது.”

புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் இப்படித்தான் தொடங்குகிறார்கள். பெடலைத் தொட்டும் தொடாமலும் மிதிப்பார்கள். ஊசி ஒன்று, இரண்டு என்று எண்ணிக் குத்தும். கையோ பயத்தில் வெடுக்கென்று இழுக்கும். ஒரு தையல் எள் அளவு, அடுத்தது அரிசி அளவு, அதற்கடுத்தது வெண்டை விதை அளவு. துணியைப் பார்த்துவிட்டு, “எனக்கு வராது” என்று எழுந்துவிடுவார்கள்.

கணக்குப் போட்டுப் பார்த்தால் விளங்கும். மெஷின் நிமிடத்துக்கு 600 தையல் ஓடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். விநாடிக்கு 10. கை விநாடிக்கு ஒரு அங்குலம் நகர்ந்தால் அங்குலத்துக்கு 10 தையல் விழும், ஒவ்வொன்றும் இரண்டரை மில்லிமீட்டர். குயில்ட்டுக்கு நல்ல அளவு. கை இரண்டு அங்குலம் நகர்ந்தால் தையல் இரட்டிப்பு நீளமாகிவிடும். அரை அங்குலம் என்றால் பொடியாகக் குவியும். ஆக, கால் ஒரே சீராக இருந்தால் கை ஒன்றை மட்டும் கவனித்தால் போதும். காலும் மாறி, கையும் மாறினால் எதைத் திருத்துவது என்றே தெரியாது. மிக மெதுவாக மிதிக்கும்போது கால் சீராக இருக்காது. சைக்கிளை மிக மெதுவாக ஓட்டினால் ஆடுமே, அதே கதைதான். நடுத்தர வேகத்தைப் பிடித்துக்கொண்டு, கையைச் சாந்தமாக நகர்த்துங்கள். சத்தத்தைக் கேளுங்கள். ஒரே ஓசையில் மெஷின் ஓடினால் கால் சரியாக இருக்கிறது.

வளைவில்தான் கை முந்தும். திருப்பத்தில் வேகமாகத் திருப்பினால் கீழ்ப்பக்கத்தில் நூல் கண்ணிமை மயிர் மாதிரி நீட்டிக்கொண்டு நிற்கும். மேலே பார்த்தால் தெரியாது. அதனால் இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை துணியைத் திருப்பிப் பாருங்கள். வளைவில் கையை நிதானப்படுத்துங்கள், காலை மாற்ற வேண்டாம்.

“மெஷின் கெட்டுப்போச்சு, கீழே நூல் கொத்து கொத்தா வருது.”

போன ஆடி மாதம் ஒரு பெண் மெஷினையே ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார். மூன்று நாளாகத் தூங்கவில்லையாம். பாபின் கேஸைக் கழற்றி, திருகை முறுக்கி, தளர்த்தி, நூலை மாற்றி, எல்லாம் செய்தாயிற்று. துணியின் அடியில் நூல் குருவிக் கூடு மாதிரி சுருண்டிருந்தது. கண்ணில் தண்ணீர் வராத குறை.

தைத்துக் காட்டச் சொன்னேன். நூல் கோத்தார், துணியை வைத்தார், பெடலை மிதித்தார். ஃபூட்டுக்குப் பின்னால் இருக்கும் லீவர் மேலேயே நின்றது. அதை மட்டும் இறக்கிவிட்டேன். அடுத்த தையலிலிருந்து அடிப்பக்கம் சுத்தமாக வந்தது.

டார்னிங் ஃபூட் துணியை எந்நேரமும் அழுத்திப் பிடிப்பதில்லை, ஊசி மேலே இருக்கும்போது கொஞ்சம் மேலேயே மிதக்கும். அதனால் லீவரை இறக்கினோமா இல்லையா என்பது கண்ணுக்குத் தெரியாது. லீவர் மேலே இருந்தால் மேல் நூலைப் பிடிக்கும் டென்ஷன் தட்டுகள் விரிந்து நிற்கும். பிடி இல்லாத மேல் நூல் முழுக்கக் கீழே இறங்கிச் சுருளும். கீழே கொத்து வந்தால் கோளாறு பெரும்பாலும் மேலேதான். இதை மனதில் எழுதிக்கொள்ளுங்கள். பாபினைத் திருகிக்கொண்டிருந்தால் நாள்தான் போகும். நூல் கோக்கும்போது லீவர் மேலே, தைக்கும்போது லீவர் கீழே.

தொடங்கும்போது சக்கரத்தைக் கையால் ஒரு சுற்று சுற்றி, கீழ் நூலை மேலே எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு நூல் முனையையும் விரலால் பிடித்துக்கொண்டு அதே இடத்தில் நாலைந்து பொடித் தையல் போட்ட பிறகு நகருங்கள். கொத்து விழும் தொல்லையில் பாதி இதிலேயே தீரும். ஊசி புதிதாக இருக்கட்டும். இரண்டு பருத்தித் துணியும் நடுவில் ஒரு போர்வையும் என்றால் 14-ஆம் நம்பர், கனம் கூடினால் 16. உடையும்வரை ஒரே ஊசியில் ஓட்டுவது நம் வீடுகளில் பழக்கம், அதை விட வேண்டும். ஏழெட்டு மணி நேரம் தைத்ததும் மாற்றிவிடுங்கள். மூன்று அடுக்கை விநாடிக்குப் பத்து தடவை குத்தும் ஊசி சீக்கிரம் மழுங்கும். மழுங்கிய ஊசி தையலை விடும், நூலை அறுக்கும், பழி மெஷின்மேல் விழும். அடுக்குகளுக்கு நடுவிலிருந்து உதிரும் பஞ்சு தகட்டுக்கு அடியில் சேரும். பழைய டூத் பிரஷ்ஷால் தட்டிவிட்டு, கொக்கி சுழலும் இடத்தில் ஒரு சொட்டு எண்ணெய் விடுங்கள்.

“ஊசியையே பார்த்துக்கிட்டு இருக்கணும்.”

கூடாது. கோலம் போடும்போது மாவு விழும் விரலையா பார்க்கிறோம்? அடுத்த புள்ளியைத்தானே பார்க்கிறோம். கோடு போக வேண்டிய இடத்தை, ஊசிக்கு அரை அங்குலம் தள்ளிப் பாருங்கள். கண் போகும் இடத்துக்குக் கை தானாக வரும்.

“முதல்லயே ஒரு பெட் கவர் தச்சிடலாம்.”

ஆசை நல்லதுதான். ஆனால் வீட்டு மெஷினில் ஊசிக்கும் வலப்பக்கத் தூணுக்கும் நடுவில் இருப்பது ஒரு சாண் இடம்கூட இல்லை. இரட்டைக் கட்டில் போர்வையைச் சுருட்டி அதற்குள் நுழைப்பது தேர்ந்தவர்களுக்கே சிரமம். மேஜைக்குக் கீழே தொங்கும் துணியின் பாரம் ஊசியை இழுக்கும், தையல் குட்டையாகும், சில நேரம் ஊசி உடையும். கை சரியில்லை என்று நினைத்துக்கொள்வோம். உண்மையில் பாரம்தான் இழுக்கிறது. முதல் மாதம் தட்டுக்கு அடியில் விரிக்கும் துணி, பிறகு தலையணை உறை, பிறகு குழந்தைப் போர்வை என்று ஏறுங்கள். மெஷினுக்கு இடப்பக்கம் இன்னொரு மேஜையைச் சேர்த்துப் போட்டு, துணி முழுதும் மேலேயே கிடக்கும்படி பாருங்கள். உட்காரும் உயரமும் முக்கியம். முழங்கை மெஷின் மட்டத்துக்கு வர வேண்டும். தாழ்ந்த ஸ்டூலில் உட்கார்ந்து தோளைத் தூக்கித் தைத்தால் கால் மணி நேரத்தில் கழுத்து வலிக்கும்.

அடுக்குகளைச் சேர்க்கும் வேலையில் அவசரம் வேண்டாம். அடித்துணியைத் தரையில் சுருக்கமில்லாமல் விரித்து, மேலே நடு அடுக்கு, அதற்கு மேலே மேல்துணி. உள்ளங்கை அகலத்துக்கு ஒரு சேஃப்டி பின் குத்துங்கள், அல்லது கையால் பெரிய பெரிய ஓட்டுத்தையல் போடுங்கள். இதில் கஞ்சத்தனம் செய்தால் அடியில் மடிப்பு விழும், தைத்து முடித்த பிறகுதான் கண்ணில் படும்.

“நம்ம ஊரு வெயிலுக்குப் போர்வை எதுக்கு?”

வங்காளத்தின் கந்தா பிறந்தது கடுங்குளிர் நாட்டிலா? பழைய சேலைகளை மூன்று நாலு அடுக்காக வைத்து ஓட்டுத்தையல் போட்டதுதான் அது. நடுவில் பஞ்சே கிடையாது. நாமும் நடு அடுக்காக நைந்த பருத்தி வேட்டியை வைக்கலாம். மார்கழி விடியலுக்கும், கைக்குழந்தைக்கு விரிக்கவும் அந்தக் கனம் போதும். ஃபைபர் ஷீட் வைத்தால்தான் புழுங்கும்.

“மெஷின்ல போட்டா அது கைவேலை இல்லையே.”

இந்தப் பேச்சு என்னைப் புண்படுத்தும், ஏனென்றால் சொல்கிறவர்கள் பெரும்பாலும் கைத்தையல் நன்றாகத் தெரிந்தவர்கள். கர்நாடகத்தின் சித்தி சமூகப் பெண்கள் கையால் தைக்கும் கவந்திப் போர்வையை நான் வணங்குகிறேன். அது ஒரு கலை, இது இன்னொன்று. அமெரிக்காவிலும் இதே சண்டை நடந்தது. மெஷின் குயில்ட் என்றால் மட்டம் என்று ஒதுக்கி வைத்திருந்தார்கள். ஹாரியட் ஹார்கிரேவ் என்பவர் 1987-இல் வீட்டு மெஷினில் எப்படிக் குயில்ட் செய்வது என்று புத்தகம் எழுதினார். இரண்டே வருஷத்தில், 1989-இல், கென்டக்கி மாநிலத்தின் படூக்கா நகரில் அமெரிக்கக் குயில்ட்டர் சங்கம் நடத்திய கண்காட்சியில் கேரில் பிரையர் ஃபாலர்ட் என்பவரின் சூரிய கிரகணக் குயில்ட் உச்சப் பரிசு பெற்றது. மெஷினில் குயில்ட் செய்த ஒன்றுக்கு அங்கே உச்சப் பரிசு கிடைத்தது அதுவே முதல் தடவை. மெஷின் ஊசியை மேலும் கீழும் ஆட்டுகிறது, அவ்வளவே. கோடு முழுக்கக் கையிலிருந்து வருகிறது. ஒரே மெஷினில் இரண்டு பேர் தைத்தால் இரண்டு கையெழுத்து மாதிரி தெரியும்.

“தப்பு வந்தா உடனே பிரிச்சிடணும்.”

தயவுசெய்து பிரிக்காதீர்கள். கோணலாக வந்த ஒரு சுழியைப் பிரிக்க ஆகும் நேரத்தில் ஐம்பது புதுச் சுழி போடலாம். பிரிப்பதால் கைக்கு எந்தப் பாடமும் கிடைப்பதில்லை, துணியில் ஓட்டைதான் மிஞ்சும். துணியின் நிறத்திலேயே நூல் போடுங்கள். அடியில் பூப்போட்ட துணி வையுங்கள். கோணல் யார் கண்ணுக்கும் படாது. நூல் அறுந்து தொங்கினால், தையல் விட்டுப்போனால், அதை மட்டும் பிரித்துச் சரிசெய்தால் போதும்.

ஞாயிற்றுக்கிழமை மூன்று மணி நேரம் உட்காருவதைவிட, தினமும் பதினைந்து நிமிடம் உட்காருங்கள். பழைய பெட்ஷீட்டை ஒரு சாண் சதுரமாகக் கிழித்து, நடுவில் வேட்டித் துண்டு வைத்து, இப்படி அடுக்கிய பத்துத் துண்டுகளைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நாளைக்கு ஒன்று. முடித்ததும் மூலையில் பால்பாயின்ட் பேனாவால் தேதியை எழுதிப் பெட்டியில் போடுங்கள், எவ்வளவு மோசமாக இருந்தாலும் எறியாதீர்கள். பத்தாவது துண்டில் தேதி எழுதிய பிறகு, முதல் துண்டை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.